படிகளை எண்ணி எழுதியவர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது காலும் இடது கையும் சரியாக வேலை செய்யாமல் போன பிறகு, எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது படிகளைத்தான். கல்யாண மண்டபம், கிளினிக், சர்ச், சொந்தக்காரர் வீடு, எதுவானாலும் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், தரை வழுக்குமா என்று பார்ப்பேன். மண்டபத்தில் மற்றவர்கள் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் கழிவறையைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன்.

அந்த வருடம் மே மாதத்தோடு அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் முடிந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் முதலில் இருந்தார்கள்; பக்கவாதத்துக்குப் பிறகு அவர்களைக் கீழே கொண்டுவந்துவிட்டு நானும் கணவரும் மாடிக்குப் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் போய் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தபோது, "நாப்பதாவது வருஷம், எங்கயாவது போயிட்டு வருவோமா?" என்று கேட்டேன்.

"எங்கயும் வேண்டாம். இவரை வச்சுக்கிட்டு எங்க போறது?" என்றார் அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "குளிரா ஒரு எடம்" என்றார். பேச்சு குழறும் என்பதால் அவர் அதிகம் பேசுவதில்லை. நோய் வந்த பிறகு அவர் வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். ஏற்காடு போவது என்று முடிவானது. டாக்டர், "தாராளமா போகலாம். விழாம மட்டும் பாத்துக்கங்க" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை ஓட்டலில் தங்கியதில்லை. வேளாங்கண்ணி போனால் கோயில் சத்திரம், மதுரை போனால் சித்தி வீடு. முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். இணையம் அங்கேதான். சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸை மேஜையிலேயே திறந்து வைத்துக்கொண்டு, பயணிகள் ஓட்டல்களைப் பற்றி விமர்சனம் எழுதும் ஒரு தளத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்கப் பயம்தான் வளர்ந்தது. ஒருவர் சொர்க்கம் என்று எழுதிய அதே ஓட்டலை அடுத்தவர் மூட்டைப்பூச்சிக் கிடங்கு என்று எழுதியிருந்தார். ஒருத்தி ஏரி தெரிந்தது என்றாள். இன்னொருத்தி ஏரி இருக்கும் திசையில் சுவர்தான் இருந்தது என்றாள். யார் இவர்கள்? எதற்காக உட்கார்ந்து எழுதுகிறார்கள்? பக்கத்து மேஜைக்காரர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், நல்லா இருக்குன்னு எழுதுறது ஓனரு. நல்லா இல்லன்னு எழுதுறது எதிர்த்த ஓட்டல் ஓனரு. நடுவுல நீங்க எதுக்கு டென்ஷன் ஆவறீங்க?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ அந்த விமர்சனம் கண்ணில் பட்டது. எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ எழுத்துகளும் எண்களும். ஊர் சென்னை என்று இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"கார் வாசல்வரை வரும். வாசலில் இரண்டு படி. பக்கத்திலேயே சிமெண்டில் சரிவு போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலி ஏறும். கீழ்த்தளத்தில் மூன்று அறைகள். அறைக்குள் படி கிடையாது. குளியலறை வாசலில் ஒன்றரை அங்குல மேடு, கவனம். வெஸ்டர்ன் டாய்லெட். வலது பக்கச் சுவரில் இரும்புக் கம்பி. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. தரை சொரசொரப்பான கல். வெந்நீர் ஏழரை மணிக்கு மேல்தான். தோசை சுமார்."

இதை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஓட்டல்காரர் தன் தோசையைச் சுமார் என்று எழுதமாட்டார். அப்பாவுக்கு நன்றாக இருப்பது வலது கை. கம்பியும் வலது பக்கம். முகம் தெரியாத யாரோ எங்கள் அப்பாவுக்காகவே அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. அச்செடுத்து, அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

ஓட்டலுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் எதைக் கேட்டாலும் "இருக்குங்க மேடம்" என்றார். கீழ் ரூம் இருக்கா? இருக்குங்க. பாத்ரூம்ல கம்பி? இருக்குங்க. எனக்குச் சந்தேகம் வந்து, "லிஃப்ட் இருக்கா?" என்றேன். "இருக்குங்க மேடம்." ஒரே ஒரு மாடி உள்ள கட்டடம் அது, படம் பார்த்திருக்கிறேன். அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை, விமர்சனம் எழுதியவருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளுக்கு அறை சொல்லிவிட்டேன்.

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் எங்கள் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், சவாரி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். நான் மடியில் அந்த ரிப்போர்ட் கோப்பை வைத்துக்கொண்டு, மலை ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் தலை கண்ணாடியில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா ஜன்னலை இறக்கச் சொல்லி வலது கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். கார் வாசல்வரை போனது. வாசலில் இரண்டு படி இருந்தது. பக்கத்தில் சரிவு இருக்க வேண்டிய இடத்தில் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே மேஜை நாற்காலிகள்.

"கீழ ரூமா? அது ரெஸ்டாரன்ட் ஆயி ஆறு மாசம் ஆச்சே மேடம்" என்றார் வரவேற்பில் இருந்தவர். "உங்களுக்கு மேல டீலக்ஸ் போட்டிருக்கு. வியூ சூப்பரா இருக்கும்."

"நான் போன்ல கேட்டேனே. கீழ் ரூம் இருக்குன்னு சொன்னீங்களே."

"யார் சொன்னாங்க மேடம்?"

என் கணவர் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வேறு ஓட்டல்களுக்குப் போன் செய்தோம். மே மாதம், எங்கும் இடமில்லை. அப்பா காரிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா என்னைப் பார்க்காமல் ஜெப மாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். டிரைவர் உள்ளே வந்து நிலைமையைக் கேட்டுவிட்டு, "இன்னாக்கா இப்ப? பெரியவர தூக்கணும், அவ்ளோதானே? சேர் ஒண்ணு குடுக்கச் சொல்லு. சார், நீ அந்தாண்ட புட்ச்சிக்கோ, நான் இந்தாண்ட புட்ச்சிக்கிறேன்" என்றார்.

ரெஸ்டாரன்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அப்பாவை அதில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். பதினேழு படி. நான் பின்னால் எண்ணிக்கொண்டே போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த மனிதர். அவர் கண்ணை மூடிக்கொண்டது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

குளியலறையில் பளபளவென்று புது வெள்ளை டைல்ஸ். கம்பி இல்லை. நான் கீழே போய் இரண்டு பழைய கோணிப்பையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்து தரையில் விரித்தேன். அப்பா போகும்போதெல்லாம் கணவர் கூடப் போனார். அன்று சமாளித்துவிட்டோம். மறுநாள் காலையில் கணவர் வெந்நீர் கேட்கக் கீழே போயிருந்தார், நான் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்து போனார். பக்கெட் உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

வலது பக்கப் புருவத்துக்கு மேல் பிளந்திருந்தது. அங்கேயே ஒரு டாக்டர் நான்கு தையல் போட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, தலைக்குள்ளும் ஒன்றும் இருக்காது, எதற்கும் ஊருக்குப் போய் ஸ்கேன் பாருங்கள் என்றார். அப்படியே திரும்பிவிட்டோம். ஆறு மணி நேரம் அப்பாவின் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன், தூங்கினாலும் பயம், விழித்தாலும் பயம். டிரைவர் அன்று வாயைத் திறக்கவில்லை. தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது அப்பா, "குளிர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அம்மா அழ ஆரம்பித்தார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். சர்ச்சுக்குக்கூட வரமாட்டேன் என்றார்.

எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும். வரவேற்பில் இருந்தவர் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், போதவில்லை. சுற்றிச் சுற்றி அந்த விமர்சனத்திலேயே வந்து நின்றேன். பக்கத்து மேஜைக்காரர் சொன்னதுதான் சரி. கம்பி என்று எழுதினால் யார் வருவார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் அதே தளத்தில் நானும் எழுதினேன். ஓட்டலைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை. கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: "இங்கே படிகளை எண்ணி எழுதியிருப்பவரை நம்பாதீர்கள். அவர் இந்த ஓட்டலின் கூலி. நடக்க முடியாதவர்களின் பயத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறவர். அவருக்கு வெட்கம் இருக்குமா என்று தெரியவில்லை." என் ஊர் தாம்பரம் என்று போட்டேன். அடுத்த நாள் பார்த்தபோது ஏழு பேர் அது பயனுள்ளதாக இருந்தது என்று சொல்லியிருந்தார்கள். ஏழு பேர் என் பக்கம் என்று நினைத்து அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தளத்தின் வழியாக எனக்கு ஒரு செய்தி வந்தது.

"மேடம், படிகளை எண்ணி எழுதியது நாங்கள்தான். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. உங்கள் தந்தை விழுந்ததைப் படித்ததிலிருந்து என் மனைவி சரியாக இல்லை. உங்களை ஒரு முறை பார்க்க விரும்புகிறாள். நாங்கள் பொழிச்சலூரில் இருக்கிறோம்."

கீழே வீட்டு போன் நம்பர்.

அன்று வீட்டுக்கு வரும் ரயிலில் தாம்பரத்தில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனான சானடோரியம்வரை போய்விட்டேன். கணவரிடம் காட்டினேன். "ஓட்டல்காரன் ஆள் செட் பண்ணியிருப்பான். கேஸ் கீஸ்னு மிரட்டப் போறான். பதில் போடாத" என்றார். போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாசலில் பைக் நின்றால் எட்டிப் பார்த்தேன். அலுவலகத்தில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அந்தப் பழைய விமர்சனத்தை மறுபடி திறந்தேன். பொய் என்று நிரூபிக்க ஏதாவது கிடைக்குமா என்றுதான் திறந்தேன். வலது மூலையில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், மாதமும் வருடமும் இருந்தன. நாங்கள் போனதற்கு இரண்டரை வருடம் முன்னால் எழுதியது. கோப்பிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. அத்தனை முறை படித்தேனே, அதையும் படித்திருப்பேன். ஒன்றரை அங்குல மேடு மனப்பாடம், வருடம் மட்டும் மனதில் ஏறவில்லை. நான் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறவள். காலாவதியான விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது ஆர்டர் போட்டால் நான்தான் திட்டுவேன்.

அன்றே போன் செய்தேன். ஞாயிறு, பூசை முடிந்ததும் கணவரும் நானும் ஸ்கூட்டரில் பொழிச்சலூர் போனோம். கணவர் வழியெல்லாம், "நான் பேசறேன், நீ பேசாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கேட்டிலிருந்து ஹால்வரை அந்த வீட்டில் ஒரு படிகூட இல்லை. அதைப் பார்த்ததுமே அவர்கள் ஏன் படிகளை எண்ணினார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போல இருந்தார், ஆசிரியர்தான் என்று பிறகு தெரிந்தது. உள்ளேயிருந்து இரும்பு தட்டுகிற சத்தம் சீராக வந்தது. அவர் மனைவி, அறுபது வயதிருக்கும், வலது காலில் இடுப்புவரை காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி போட்டிருந்தார். மூன்று வயதில் போலியோ. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் பூட்டை விடுவித்துக்கொண்டு, "அப்பாவுக்குத் தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்டார்.

"பிரிச்சாச்சு மேடம்."

"நடக்கறாரா?"

"வீட்டுக்குள்ள நடக்கறாரு. வெளிய வரமாட்டேங்கறாரு."

பக்கத்து விமான நிலையத்துக்கு விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கியது. அது போகும்வரை யாரும் பேச முடியாது. போனதும் அவர், "கம்பி என்னாச்சு?" என்றார்.

"கம்பியே இல்ல மேடம். மாடி ரூம் குடுத்தாங்க. வெள்ளை டைல்ஸ்."

"மாடியா? மாடிய நான் பார்க்கவே இல்லையே." தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நான் கீழதானே பாத்தேன்? கீழன்னுதானே எழுதச் சொன்னேன்?"

"கீழன்னுதான் போட்டிருக்கு" என்றார் அவர். ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். கல் தரை, சுவரில் கம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த அம்மாள். குளியலறையில் யாரும் படமெடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன் மேடம்" என்றேன்.

"கூலின்னு எழுதினீங்க. வெட்கம் இருக்குமான்னு எழுதினீங்க." குரல் உயரவில்லை. "சத்தம் போடணும்னுதான் வரச் சொன்னேன். ஒரு வாரமா என்ன கேக்கணும்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன். இப்ப உங்களப் பாத்ததும் வரமாட்டேங்குது."

நான் அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. அது எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

பிறகு அவர் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. அவர் மொத்தம் பதினோரு ஊர்களைப் பற்றி அப்படி எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். கைப்பையில் இன்ச் டேப் இருக்கும். அவர் அளந்து சொல்ல, கணவர் பிரவுசிங் சென்டரில் போய் டைப் அடிப்பார். "எனக்கு யாரும் இப்படி எழுதி வைக்கல. போய் நின்ன பிறகுதான் தெரியும். அதனால எழுதினேன்" என்றார். இப்போது அந்தப் பதினோரு இடமும் அவரைத் தூங்கவிடவில்லை. எந்தெந்த ஊரில் கம்பியைப் பிடுங்கிவிட்டார்களோ, எந்த ஊரில் டைல்ஸ் போட்டுவிட்டார்களோ, அதை நம்பி யார் கிளம்பிக்கொண்டிருக்கிறார்களோ என்று. எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லித் தளத்துக்கு எழுதினார்கள், பதில் இல்லை. ஓட்டல்களுக்கே போன் செய்து பார்த்திருக்கிறார்கள்.

"எதைக் கேட்டாலும் இருக்குங்கறான்" என்றார் அந்த ஆசிரியர்.

"எங்கிட்ட லிஃப்ட் இருக்குன்னு சொன்னான் சார். ஒரே மாடி."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்றதும் மறுபடி முகம் பழையபடி ஆகிவிட்டது.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் நான் பொழிச்சலூர் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. அவரை ஆன்ட்டி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். நாங்கள் வேறு மாதிரி கேட்கப் பழகினோம். கம்பி இருக்கா என்று கேட்காமல், கம்பி என்ன கலர் என்று கேட்போம். கன்னியாகுமரியில் ஒரு விடுதியில் போனை எடுத்த சமையல்காரர், "இருங்கம்மா, பார்த்துட்டு வாறேன்" என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆன்ட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். திரும்பி வந்தவர், "கம்பி கிடக்கும்மா. ஆனா துருப்பிடிச்சுல்லா கிடக்கு" என்றார். அவர் துரு என்றதால்தான் நம்பினோம்.

பதினொன்றில் நான்குதான் அப்படி உறுதியானது. மற்றவற்றின் கீழே நான் புதிதாக ஒவ்வொன்று எழுதினேன்: மேலே உள்ளது இன்ன வருடம் பார்த்தது, இப்போது எப்படி என்று எங்களுக்குத் தெரியாது, யாராவது அறைக்குள் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை நம்ப வேண்டாம். ஏற்காட்டு ஓட்டலுக்கு நான் எழுதியதைத் திருத்தத் தளம் விடவில்லை. அதன் கீழேயே இரண்டாவதாக ஒன்று எழுதினேன். படிகளை எண்ணி எழுதியவர் பொய் சொல்லவில்லை, வருடத்தைப் பார்க்காதது நான், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று. முதலில் எழுதியதற்கு அதற்குள் பயனுள்ளது என்று முப்பதுக்கும் மேலானவர்கள் சொல்லியிருந்தார்கள். இதற்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆன்ட்டி அதைப் படித்துவிட்டு, "போதும்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் புதிதாக எதுவும் எழுதவில்லை. நான் கேட்டும் எழுதவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு எந்தக் கால்?" என்றார்.

"வலது."

வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் தை மாதத்தில், பாண்டிச்சேரிவரைக்கும் போய்விட்டு வரலாமா என்று அம்மா ஆரம்பித்தபோது, வழக்கம்போல வேண்டாம் என்று சொல்லாமல், "அந்தம்மா பாத்திருக்காங்களா?" என்றார்.

ஆன்ட்டியிடம் சொன்னேன். அவருடைய பதினோரு ஊர்களில் பாண்டிச்சேரி இல்லை. நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு, வேறு வழியில்லை என்றார். அதே டிரைவரின் காரில் அவர்கள் இருவரும் நானுமாகக் காலையில் போனோம். அங்குள்ள விடுதிகளைப் பற்றி வேறு யாரோ எழுதி, நான் அச்செடுத்து வைத்திருந்த மூன்று விமர்சனங்களையும் ஆன்ட்டி வாங்கி, முதலில் மூலையில் வருடத்தைப் பார்த்தார். முதல் விடுதியில் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. ஆள் விழுந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது என்று அங்கிருந்தே திரும்பிவிட்டார். இரண்டாவதில் கம்பியைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினார். டிரைவர் வாசலில் நின்று, "ஆன்ட்டி, பாத்து, செவுரே வந்துறப் போவுது" என்றார். சுவர் வரவில்லை. நான் தரையில் தண்ணீர் ஊற்றி வெறுங்காலில் நடந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த ஏழு நாளும் நான் தினமும் அந்த விடுதிக்குப் போன் செய்தேன். ஏழு நாளில் டைல்ஸ் மாற்றிவிட முடியாதா என்ன? நான்காவது நாள் போனை எடுத்த பெண், என் குரலைக் கேட்டதுமே, "கம்பி இருக்குக்கா, இப்பதான் துணி காயப் போட்டிருக்கேன் அதுல" என்றாள். அன்றைக்கு மட்டும் தூங்கினேன்.

போனோம். அறை அப்படியே இருந்தது. அப்பா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். தாழ் போடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கதவை ஒட்டி நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. என் கை கதவில் இருந்தது. கணவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பொறு என்று.

"அங்கயே நிக்கிறியா?" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"இல்லப்பா" என்றேன்.

"போய் உக்காரு. நானே வரேன்."

நான் நகரவில்லை. மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது.